செட்லாந்து மட்டக்குதிரை: தீவிலிருந்து சுரங்கத்துக்கு

செட்லாந்து மட்டக்குதிரை என்பது ஸ்காட்லாந்தின் வடக்கே அமைந்துள்ள செட்லாந்துத் தீவுகளில் தோன்றிய சிறிய குதிரை இனமாகும். வளர்ந்த குதிரையின் தோள் உயரம் 107 செ.மீ.க்கு (42 அங்குலம்) மேல் இருத்தல் கூடாது என்பது இவ்வினத்தின் விதி. இன்று சிறுவர்கள் சவாரி பழகும் குதிரையாக அறியப்படும் இது, ஒரு காலத்தில் சிறுவர்கள் செய்துவந்த சுரங்க வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

தோற்றம்

செட்லாந்தில் மரங்கள் மிகக் குறைவு. கடற்காற்று ஆண்டு முழுவதும் வீசும். மேய்ச்சல் நிலமும் வளமற்றது. குறைந்த தீனியில் வாழவும் உடல் வெப்பத்தைக் காக்கவும் ஏற்ற சிறிய, திரண்ட உடல், குறுகிய கால்கள், குளிர்காலத்தில் அடர்ந்து வளரும் உரோமம் ஆகியன இச்சூழலில் நிலைபெற்றன. குளிர்காலத்தில் இக்குதிரைகள் கடற்கரைக்கு வந்து கடற்பாசியையும் தின்னும். தீவு உழவர்கள் எரிபொருளாகப் பயன்படுத்திய பீட் எனும் கரிமண்ணைக் கூடைகளில் இட்டு இவற்றின் முதுகில் ஏற்றி வந்தனர். வால் மயிரிலிருந்து தூண்டில் கயிறு திரித்தனர்.

சுரங்கச் சட்டமும் குதிரைகளும்

பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களின் குறுகிய பாதைகளில் சிறுவர் சிறுமியர் ஊர்ந்தபடியே கரி வண்டிகளை இழுத்துவந்தனர். 1842ஆம் ஆண்டின் சட்டம், பெண்கள் அனைவரையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடியில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. சுரங்கங்களில் குதிரைகள் அதற்கு முன்பும் இருந்தன. ஆயினும் இச்சட்டத்திற்குப் பிறகு, தாழ்ந்த பாதைகளில் நுழையக்கூடிய சிறிய குதிரைகளின் தேவை பெருகியது. செட்லாந்துக் குதிரைகள் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டன. ஆழமான சுரங்கங்களில் தொழுவங்களும் நிலத்தடியிலேயே அமைந்திருந்தன. அங்கு பல குதிரைகள் நெடுங்காலம் வெளிச்சத்தைக் காணாமல் வாழ்ந்தன.

இனத்தின் சரிவும் மீட்பும்

சுரங்கங்கள் பெரும்பாலும் ஆண் குதிரைகளையே வாங்கின. நல்ல ஆண் குதிரைகள் வெளியேறியதால் தீவில் எஞ்சிய மந்தைகளின் தரம் தாழ்ந்தது. இதைச் சரிசெய்ய முன்வந்தவர்களில் முதன்மையானவர், டர்காம் பகுதியில் சுரங்கங்களை உடைமையாகக் கொண்டிருந்த லண்டன்டெரி பிரபு ஆவார். இவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெசே, நாஸ் தீவுகளில் இனப்பெருக்கப் பண்ணை அமைத்து, கூடிய எடையும் குட்டைக் கால்களும் கொண்ட குதிரைகளைத் தேர்ந்து பெருக்கினார். சுரங்கத்திற்கு உகந்த உடலைப் பெறுவதே அவரது நோக்கம்.

1890இல் செட்லாந்து மட்டக்குதிரை வம்சாவளிப் பதிவேட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. லண்டன்டெரி பண்ணையின் குதிரைகள் அப்பதிவேட்டில் முக்கிய மூதாதையராக இடம்பெற்றன. அமெரிக்காவில் இவ்வினத்திற்கான சங்கம் அதற்கு முன்பே, 1888இல், உருவாகியிருந்தது.

இன்றைய நிலை

20ஆம் நூற்றாண்டில் சுரங்கங்களில் இயந்திரங்கள் பரவியதால் குதிரைகளின் தேவை படிப்படியாக மறைந்தது. ஆயினும் அத்தேவை விட்டுச்சென்ற தடம் இவ்வினத்தில் நீடிக்கிறது. இக்குதிரையின் சிறுமையும் உறுதியும் தீவின் காலநிலை தந்தவை. ஆனால் பதிவேட்டின் தொடக்கத்தில் இடம்பெற்ற பல மூதாதையர்களின் உடலமைப்பு, நிலத்தடிப் பாதைகளின் உயரத்தை மனத்தில் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டதாகும்.