விளையாட்டை நடத்தியவள்

1913இல் லண்டனில் 'லிட்டில் வார்ஸ்' என்றொரு சிறு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் எச்.ஜி.வெல்ஸ். பொம்மைப் போர்வீரர்களைத் தரையில் நிறுத்தி, வில்விசை பொருத்திய சின்னப் பீரங்கியால் மரக்குண்டு சுட்டு விளையாடுவதற்கான விதிநூல் அது. அதன் துணைத்தலைப்பு முதலில் இந்த விளையாட்டு எந்த வயதுப் பையன்களுக்கானது என்று சொல்கிறது. மேல்வரம்பு நூற்றைம்பது வயது. அதன் பிறகு, பையன்களின் விளையாட்டை விரும்புமளவுக்குக் கூடுதல் அறிவு வாய்த்த பெண்பிள்ளைகளையும் போனால் போகிறதென்று சேர்த்துக்கொள்கிறது. ஆணுக்கு வயது மட்டும் போதும், அதிலும் தாராளமான சலுகை உண்டு. பெண்ணோ நுழைவுத் தேர்வு எழுதித்தான் உள்ளே வரவேண்டும்.

நகைச்சுவைதானே என்று கடந்து போகலாம். ஆனால், இந்தப் பொழுதுபோக்கின் நூறாண்டு வரலாற்றைப் படித்துக்கொண்டு போனால் அந்த நகைச்சுவை ஒரு வாயிற்காவலனாக நின்றுவிட்டது தெரிகிறது. இன்றும் பொழுதுபோக்குக் கழகங்களில் நண்பர்கள் கூடிச் சிற்றுருவப் போர் விளையாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். ஆளுக்கொரு படை, ஒவ்வொரு படைக்கும் சம அளவில் புள்ளிகள், மேசைமேல் அட்டை மலைகளும் பாசிக் காடுகளும், அளவுநாடா, பகடை, நேரக் கணக்கு. சுற்று முடிந்ததும் வென்றவரோடு வென்றவர் மோதுவார். சந்தேகம் வந்தால் நடுவர் தீர்ப்பார். பொம்மைகளுக்கு அழகாக வண்ணம் தீட்டியவருக்குத் தனிப் பரிசும் உண்டு. இந்த மேசையைச் சுற்றிப் பெண்கள் எங்கே நின்றார்கள் என்பதுதான் என் கேள்வி.

*

வெல்ஸின் வீட்டிலிருந்தே தொடங்கலாம். இந்த விளையாட்டு எப்படிப் பிறந்தது என்பதை வெல்ஸே சொல்லியிருக்கிறார். மதிய உணவுக்குப் பிறகு வந்திருந்த நண்பர் ஒருவர் பொம்மைப் பீரங்கியை எடுத்து ஒரு பொம்மை வீரனைச் சுட்டு வீழ்த்த, போட்டி சூடு பிடித்தது. அந்த உணவை யார் சமைத்தார்கள், யார் மேசையைத் துடைத்தார்கள் என்று கதையில் இல்லை. இருக்காது. வெல்ஸின் மனைவியின் பெயர் ஏமி கேத்தரின். அந்தப் பெயர் பிடிக்காமல் அவரை 'ஜேன்' என்று அழைத்தார் வெல்ஸ். உலகமும் அப்படியே அழைத்தது. கணவரின் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்தவர், வரவுசெலவு பார்த்தவர், விருந்தாளிகளைக் கவனித்தவர் ஜேன். அவரும் கதைகள் எழுதினார். அவை தொகுப்பாக வந்தது 1928இல், அவர் இறந்த பிறகு. நூலின் பெயரில்தான் கேத்தரின் திரும்பி வந்தார். பொம்மை வீரனுக்குப் பெயர் வைப்பதுபோல் ஒரு மனுஷிக்குப் பெயர் வைக்க முடிந்த வீடு அது.

வெல்ஸுக்கு எண்பத்தேழு ஆண்டுகள் முன்னால் இன்னொரு வீடு. 1826இல் யார்க்‌ஷயரின் ஹாவொர்த் கிராமத்துப் பாதிரியார் பாட்ரிக் பிராண்ட்டி, தன் மகன் பிரான்வெல்லுக்காக லீட்ஸ் நகரிலிருந்து பன்னிரண்டு மரப் போர்வீரர்களை வாங்கி வந்தார். பொம்மை மகனுக்கு, விளையாட்டைப் பிடுங்கிக்கொண்டவர்களோ மகள்கள். பத்து வயது ஷார்லட் ஒன்றை எடுத்து அதுதான் வெலிங்டன் பிரபு என்று அறிவித்தாள். எமிலியும் ஆனும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பொம்மைகளுக்காக உள்ளங்கைக்குள் அடங்கும் புத்தகங்கள் பிறந்தன. ஆங்கிரியா, கோண்டால் என்று நாடுகள் பிறந்தன. அவற்றில் படையெடுப்பும் சதியும் நாடுகடத்தலும் நடந்தன. 'ஜேன் அய்ர்', 'வுதரிங் ஹைட்ஸ்' ஆகியவற்றை எழுதிய கைகள் பழகிய இடம் ஒரு போர் விளையாட்டு. 'கூடுதல் அறிவு வாய்த்த பெண்பிள்ளை' என்ற சலுகைச் சீட்டு எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அப்பா வீட்டில் இல்லாத நேரமும் ஒரு தரையும் போதுமாக இருந்தன.

*

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இங்கே தொல்காப்பியப் புறத்திணை நினைவுக்கு வருகிறது. நாமும் போரை விதியாக வகுத்தவர்கள்தான். ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மதிலை வளைத்தால் உழிஞை, களத்தில் நேருக்கு நேர் பொருதால் தும்பை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ. பூவைச் சூடிக்கொண்டு போகிறவன் ஆண். பெண்ணுக்கு அந்த இலக்கணம் ஒதுக்கிய இடங்கள் வேறு: மகனை அனுப்பிவைப்பது, பிணத்தைத் தேடுவது, கைம்மை நோற்பது. போரின் விதிகளைச் சொல்கிற இடமோ, 'இந்த நகர்வு செல்லாது' என்று தீர்ப்பளிக்கிற இடமோ அவளுக்கு இல்லை.

அந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சதுரங்கம் நம் மண்ணிலிருந்து மேற்கே போனது. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்பவர் அந்தக் கட்டங்களைப் பெருக்கிப் போர்ச் சதுரங்கம் செய்தார். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் கட்டங்களையே விட்டுவிட்டு உண்மையான நிலவரைபடத்தில் ஆடும் 'கிரீக்ஷ்பீல்' விதிகளை வெளியிட்டார். அதில் முக்கியமானவர் நடுவர். இரு தரப்பும் தத்தம் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து ஆணை எழுதித் தரும். முழுக் களத்தையும் பார்ப்பவர் நடுவர் மட்டுமே. யார் யாரைக் கண்டார், எந்தக் குண்டு பட்டது என்பதையெல்லாம் அவர்தான் சொல்வார். விளையாட்டை ஆடுபவரைவிட நடத்துபவருக்கே அதிகம் தெரியும். இன்றைய கழகப் போட்டிகளின் நடுவர் அந்த நாற்காலியின் வாரிசு.

*

1942இல் அந்த நாற்காலிக்குப் பெண்கள் வந்தார்கள். நாற்காலிகூட இல்லை; தரையில் மண்டியிட்டிருந்தார்கள்.

இங்கிலாந்துக்கு உணவும் எண்ணெயும் கொண்டுவந்த வணிகக் கப்பல் தொடர்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். லிவர்பூல் நகரின் டெர்பி ஹவுஸ் கட்டடத்தின் மேல்மாடியில், காசநோயால் கடற்படையிலிருந்து ஓய்வளிக்கப்பட்டிருந்த கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸின் தலைமையில் ஒரு சிறு பிரிவு தொடங்கப்பட்டது. பெயர் 'வெஸ்டர்ன் அப்ரோச்சஸ் டாக்டிகல் யூனிட்'. நீர்மூழ்கிகள் எப்படித் தாக்குகின்றன என்று கண்டுபிடித்து, அவற்றை வீழ்த்தும் வழியைக் காவல் கப்பல் அதிகாரிகளுக்குச் சொல்லித்தருவது வேலை. ராபர்ட்ஸுக்குக் கிடைத்த ஆட்களில் பெரும்பாலோர் 'ரென்' எனப்பட்ட மகளிர் கடற்படைத் துணைப்பிரிவின் இளம்பெண்கள். பலருக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். ஆண்களைக் கப்பலுக்கு அனுப்புவதற்காகக் கரையில் உள்ள வேலையைப் பார்ப்பது என்பதே அந்தத் துணைப்பிரிவின் நோக்கம். 1917இல் தொடங்கி, போர் முடிந்ததும் 1919இல் கலைத்து, 1939இல் மறுபடி தேவைப்பட்டபோது கூப்பிட்டுக்கொண்ட பிரிவு அது.

அறையின் தரை கடலானது. லினோலியத்தின் மேல் கோடுகள் வரைந்து, சின்னக் கப்பல் பொம்மைகளை வைத்தார்கள். சுற்றிலும் திரைச்சீலைகள். அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று சிறு துளை வழியே தங்களுக்குத் தெரிய வேண்டியதை மட்டும் பார்த்தார்கள். ஒரு நகர்வுக்கு இரண்டு நிமிடம். அவர்கள் எழுதித் தரும் ஆணையை வாங்கிப் பெண்கள் பொம்மைகளை நகர்த்தினார்கள். காவல் கப்பலின் தடத்தை வெள்ளைச் சாக்பீஸால் வரைந்தார்கள். நீர்மூழ்கியின் தடம் பச்சையில், துளை வழியே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி. முழுக் கடலையும் பார்த்தவர்கள் தரையில் மண்டியிட்டிருந்த பெண்கள் மட்டுமே.

முதல் கண்டுபிடிப்பு விரைவிலேயே வந்தது. நீர்மூழ்கி தொடருக்கு வெளியே இருந்து டார்பிடோ விடுகிறது என்று கடற்படை நம்பியிருந்தது. தரையில் மறுபடி மறுபடி ஆடிப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. நீர்மூழ்கி இரவில் தொடருக்குள்ளேயே புகுந்து சுட்டுவிட்டு ஆழத்தில் பதுங்குகிறது. கப்பல்கள் தலைக்கு மேல் கடந்து போனதும் பின்பக்கமாகத் தப்புகிறது. அப்படியென்றால் காவல் கப்பல்கள் தொடரின் பின்னால் விரைந்து போய்த் தேட வேண்டும். இந்தத் தந்திரத்துக்கு ஜீன் லெய்ட்லா என்ற ரென் பெண் 'ராஸ்பெர்ரி' என்று பெயர் சூட்டினார். பழத்தின் பெயர்தான், ஆனால் ஆங்கிலப் பேச்சில் அது உதட்டைப் பிதுக்கிப் 'ப்ர்ர்' என்று பழிப்புக் காட்டுவதையும் குறிக்கும். ஹிட்லருக்கு ஒரு பழிப்பு. அதன் பிறகு வந்த 'பைனாப்பிள்', 'ஆர்டிசோக்' எல்லாம் காய்கனிக் கூடைதான்.

1942 நவம்பரில் கடற்பகுதித் தலைமையேற்ற அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டன் முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கேப்டனாகப் புகழ்பெற்றவர். ஒருநாள் அவரே நீர்மூழ்கியாக ஆட உட்கார்ந்தார். எதிரே காவல் கப்பல்களை நடத்தியவர் ஜேனட் ஓக்கெல் என்ற இளம்பெண். ஐந்து ஆட்டம், ஐந்திலும் அட்மிரல் மூழ்கினார். ஏமாற்றுகிறீர்கள் என்று எரிச்சல்பட்டவருக்கு, எதிரே ஆடியது யார் என்பது பிறகுதான் தெரிந்தது என்று அந்தப் பிரிவின் வரலாறு சொல்கிறது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பாடம் படித்துப் போனார்கள்.

1945இல் பிரிவு மூடப்பட்டது. நடந்ததைப் பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு பெண்கள் வீடு திரும்பினார்கள். ஆண்களுக்குப் பதக்கங்களும் நினைவுக் குறிப்புகளும் இருந்தன. ரகசியம் காத்தவர்களுக்கு ரகசியம் மட்டும் மிஞ்சியது. அவர்கள் பெயர்கள் பொதுவெளியில் பரவலாக வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

*

இந்த இடத்தில்தான் வரலாறு ஒரு கண்ணாமூச்சி ஆடுகிறது. போர் முடிந்த சில ஆண்டுகளில் சிற்றுருவப் போர் விளையாட்டு ஒரு பொழுதுபோக்காக மலர்ந்தது. 1957இல் கலிபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரூபி 'வார் கேம் டைஜஸ்ட்' இதழைத் தொடங்கினார். 1962இல் இங்கிலாந்தில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் 'வார் கேம்ஸ்' நூல் வந்தது. கழகங்கள் முளைத்தன, போட்டிகள் வந்தன. இவர்கள் தம் மூதாதையராக வெல்ஸைக் கொண்டாடினார்கள். டெர்பி ஹவுஸின் பெண்கள் அந்த வம்சாவளியில் இல்லை. நியூயார்க்கில் 1930களிலேயே ஃப்ளெட்சர் பிராட் நடத்திய கடற்போர் விளையாட்டில் பெண்களும் தரையில் தவழ்ந்து கப்பல் நகர்த்தினார்கள் என்பதும் ஓரமாய்ப் போயிற்று. 'இது இயல்பிலேயே ஆண்களின் ஆர்வம்' என்ற நம்பிக்கை அந்த இடைவெளியில் கெட்டிப்பட்டது.

இயல்பு என்று சொல்லப்படுவதை நான் நேரமும் இடமும் பணமும் என்று வாசிக்கிறேன். ஒரு போட்டிக்கு வார இறுதி முழுதும் வேண்டும். படைக்கு வண்ணம் தீட்ட மாதக்கணக்கில் மாலைப் பொழுதுகள் வேண்டும். பாதியில் விட்ட ஆட்டம் கலையாமல் கிடக்க ஒரு மேசை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாருக்கு விடுமுறை, யாருக்கு இரட்டை வேலை என்று நம் வீடுகளில் கேட்டுப் பார்த்தாலே விடை கிடைக்கும். எங்கள் கல்லூரி விளையாட்டு விழாக்களில் பரிசுத் தாம்பாளம் ஏந்தி வரிசையில் நிற்கும் மாணவிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும். அட்டவணை போட்டவளும் அவர்களில் ஒருத்தியாக இருப்பாள். ஒலிபெருக்கியில் அவள் பெயர் வராது.

*

இன்னொரு உறுத்தலையும் மறைக்க விரும்பவில்லை. ஜேனட் ஓக்கெல் வென்றதைப் படித்து எனக்குள் எழுந்த மகிழ்ச்சி முழு மகிழ்ச்சியா? பச்சைக் கோடு ஒவ்வொன்றும் இரும்புக் குழாய்க்குள் அடைபட்ட இளைஞர்கள். ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் போனவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை. வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே போன வணிகக் கப்பல்களில் 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட இந்தியக் கடலோடிகள் இருந்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்களின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போட்டுக் குறைந்த கூலி வாங்கியவர்கள் அவர்கள். அவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் கடலோடு போனார்கள். சாக்பீஸ் பிடித்த பெண்கள் காப்பாற்ற முயன்ற உயிர்களில் அவர்களும் உண்டு. போரில் பெண்ணின் திறமையைக் கொண்டாடுவது போரைக் கொண்டாடுவதாக ஆகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை எனக்கு வேண்டியிருக்கிறது.

வெல்ஸும் இதைச் சொல்லப் பார்த்தவர்தான். பொம்மைப் போரைச் சில தடவை ஆடினால் உண்மைப் போர் எவ்வளவு மூடத்தனமானது என்று புரியும் என்பது அவர் புத்தகத்தின் முடிவு. அடுத்த ஆண்டே 1914 வந்தது. பொம்மைப் போர் எந்தப் போரையும் நிறுத்தவில்லை. ஆனாலும் முழுக் களத்தையும் பார்க்கும் இடம் ஒருவருக்கு என்ன கற்றுத் தருகிறது என்பது முக்கியம். அங்கிருந்து பார்த்தால் இரு தரப்பின் பயமும் பிழையும் தெரியும். வெற்றி எவ்வளவு தற்செயல் என்பதும் தெரியும். அந்தப் பார்வையை மக்கள்தொகையில் பாதிப் பேருக்கு மறுத்து வைத்திருந்ததுதான் இந்தக் கதையின் இழப்பு.

ஆகவே, நண்பர்களோடு சேர்ந்து போட்டி நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் எளியது. பெண்களை 'வரவேற்கிறோம்' என்று அறிவிப்பு எழுதுவதற்கு முன், ஆட்டத்தை நடத்தும் இடத்தை ஒருத்திக்குக் கொடுத்துப் பாருங்கள். புள்ளிக் கணக்கும் விதிநூலும் இறுதித் தீர்ப்பும் அவள் கையில் இருக்கட்டும். அன்றைக்குத் தேநீரை வேறு யாராவது போடட்டும்.