ஓர் உடலும் இரு கடமைகளும்: ‘ஆண்டிகனி’யில் கருப்பொருளும் கதைமாந்தரும்

துன்பியல் நாடகமொன்றைக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் கருப்பொருளைத் தனியாகவும் கதைமாந்தரைத் தனியாகவும் பட்டியலிடுகிறோம். தேர்வுக்கு அம்முறை உதவலாம். ஆனால், மாந்தர் ஒருவரையொருவர் எதிர்கொண்டு முடிவெடுக்கும் இடங்களில்தான் கருப்பொருள் உருப்பெறுகிறது. அம்முடிவுகளோ அவர்தம் காலத்துச் சட்டத்திலும் வழக்கத்திலும் வேரூன்றியவை. கிரேக்க நாடகாசிரியர் சோபோக்கிளீஸ் இயற்றிய ‘ஆண்டிகனி’யை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

கி.மு. 441ஆம் ஆண்டளவில் ஏதென்சில் அரங்கேறியதாகக் கருதப்படும் இந்நாடகத்தின் கதை தீபஸ் நகரில் நிகழ்கிறது. மன்னன் இடிபஸின் மைந்தர் இருவர் அரியணைக்காகப் பொருது, ஒருவர் கையால் ஒருவர் மடிகின்றனர். நகரைக் காத்து மாண்ட எட்டியோக்கிளீசுக்குச் சிறப்பான அடக்கம் நடைபெறுகிறது. அயலார் படையோடு வந்து தாக்கிய பொலினைசீசின் உடலோ நாய்க்கும் பறவைக்கும் இரையாக வெளியே கிடக்க வேண்டும் எனப் புதிய மன்னன் கிரியோன் ஆணையிடுகிறான். அவன் மாண்டவர்களின் தாய்மாமன். ஆணையை மீறி அவ்வுடலின்மேல் மண் தூவுகிறாள் உடன்பிறந்தாள் ஆண்டிகனி.

இக்காலத்து மாணவர் கிரியோனை உடனே கொடுங்கோலன் எனத் தீர்ப்பளிப்பர். ஏதென்சு மக்கள் அவ்வளவு விரைவாகத் தீர்ப்பளித்திருக்க மாட்டார்கள். நாட்டுக்குத் துரோகம் இழைத்தவனை ஆட்டிகா மண்ணில் புதைக்கக் கூடாது என்னும் சட்டம் அவர்களிடமே இருந்தது. பாரசீகரைக் கடற்போரில் வென்ற தெமிஸ்டோக்கிளீஸ் பின்னர்த் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு அயல்நாட்டில் இறந்தார். அவருடைய எலும்புகளை உறவினர் மறைவாகக் கொணர்ந்து ஆட்டிகாவில் புதைத்ததாகக் கூறுவதை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவு செய்துள்ளார். போரில் மாண்ட வீரர்களின் எலும்புகளையும் அரசே ஏற்று, பொதுச்செலவில் அடக்கம் செய்தது. கல்லில் பொறித்த பட்டியலில் அவர்களின் பெயர்கள் தந்தை பெயரின்றி, குலவாரியாக இடம்பெற்றன. இறந்தவர் குடும்பத்திற்கு உரியவரா, நகருக்கு உரியவரா என்பது அரங்கில் அமர்ந்திருந்தோர் வாழ்விலேயே இருந்த வினாவாகும்.

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் கருதுதல் வேண்டும். ஏதென்சின் சட்டம் தன் எல்லைக்குள் புதைப்பதையே தடுத்தது. எல்லைக்கு அப்பால் அடக்கம் செய்வதைத் தடுக்கவில்லை. கிரியோனின் ஆணையோ அவ்வழியையும் அடைத்தது. நியாயம் போலத் தொடங்கிய கொள்கை எல்லை கடக்கும் இடம் இதுவே.

அக்கொள்கை மேலும் இறுகுவதை உரையாடல்கள் காட்டுகின்றன. நாட்டைவிட நண்பனைப் பெரிதாக எண்ணுபவன் பயனற்றவன் என முதலில் முழங்கும் கிரியோன், ஆண்டிகனி எதிரில் நிற்கும்போது, ஒரு பெண்ணிடம் தோற்கலாகாது என்பதைக் காரணமாக்குகிறான். மகன் ஹேமன் வந்து, நகர மக்கள் அவளுக்காக மறைவில் இரங்குவதை எடுத்துரைக்கிறான். அப்போது, நகரம் ஆள்பவனுக்கே உரியது என்னும் நிலைக்குத் தந்தை வந்துவிடுகிறான். நகரின் நலம் பேசியவன் நகரின் குரலையே கேட்க மறுக்கிறான்.

ஆண்டிகனியும் குறையற்றவள் அல்லள். எழுதப்படாத தெய்வ நெறிகளை முன்னிறுத்தி இறந்த தமையனுக்காக உயிரையே ஈகிறாள். ஆயினும் தண்டனையில் பங்கேற்க முன்வரும் சகோதரி இஸ்மினியைக் கடுமொழியால் விலக்குகிறாள். உறவின் உரிமைக்காகப் போராடுபவளே உயிரோடிருக்கும் உறவைத் தள்ளுகிறாள். இவ்விருவரின் பிடிவாதமும் ஒன்றையொன்று வளர்க்கிறது.

திருப்பம் குருட்டுக் குறிசொல்லி டைரீசியசால் வருகிறது. இறந்தவனை மண்ணுக்கு மேலும் உயிருள்ளவளை மண்ணுக்குக் கீழும் வைத்த பிழையை அவர் எடுத்துரைக்கிறார். கிரியோன் அஞ்சி, முதியோர் குழுவின் அறிவுரையை நாடுகிறான். முதலில் குகையிலிருந்து பெண்ணை மீட்கவும் பின்னர் உடலுக்குக் கல்லறை எழுப்பவும் அவர்கள் கூறுகின்றனர். அவனோ முதலில் உடலை அடக்கம் செய்துவிட்டு, அதன் பின்னரே குகைக்குச் செல்கிறான். அதற்குள் ஆண்டிகனி தூக்கிட்டு இறந்துவிட்டாள். ஹேமன் தன் வாளாலேயே மாள்கிறான். செய்தி கேட்ட அரசி யூரிடிசியும் உயிர் துறக்கிறாள். மனம் மாறிய பின்னும் ஆணை தொடர்பான பிழையை முதலிலும் மனித உயிரைப் பிறகும் வைத்த அவ்வரிசையில், கிரியோனின் குணமும் நாடகத்தின் கருவும் பிரிக்க இயலாதவாறு இணைகின்றன.

இந்நாடகம் பின்னாளில் வேறு மண்ணிலும் பொருள் பெற்றது. ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இதனை நடித்தபோது நெல்சன் மண்டேலா கிரியோனாக வேடமேற்றார். அநீதியான சட்டத்தை எதிர்த்துச் சிறைப்பட்டவர், ஆள்பவனின் இடத்தில் நின்று பேச நேர்ந்தது.

நம் வகுப்பறையிலும் இது இயலும். ‘யார் நல்லவர்?’ என்னும் வினாவோடு நில்லாமல், கிரியோன் ஏன் முதலில் குகைக்குச் செல்லவில்லை என்று மாணவரிடம் வினவுவோம். அவ்விடை தேடும் மாணவர், பாத்திரப் பண்பை எழுதத் தொடங்கிக் கருப்பொருளுக்கே வந்து சேர்வர்.