அத்ஜுதிகத்தேர்

பிரெஞ்சுச் சட்டத்தில், ஏலத்துக்கு வந்த சொத்தோ குத்தகையோ ஒப்பந்தமோ யாருக்கென்று முடிவாகிறதோ அவரைக் குறிக்கும் சொல். காவிரிக் கழிமுகத்தில் இது நீதிமன்றச் சொல்லாகப் புழங்கிய ஊர் காரைக்கால்.

தீர்ப்பளித்து ஒருவருக்கு உரியதாக்குதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. உரோமச் சட்டத்தில், பாகப்பிரிவினை வழக்கில் இன்ன பங்கு இன்னாருக்கு என்று ஒதுக்க நடுவருக்கு இருந்த அதிகாரம் அது. அதனால் உயர்ந்த விலை என்ற கருத்து இச்சொல்லுக்குள் இல்லை. அரசு ஒப்பந்தத்தைக் குறைந்த தொகைக்கு எடுத்தவரும் அத்ஜுதிகத்தேர்தான். கனடாவின் கியூபெக்கிலும் இச்சொல் வழங்குகிறது.

தஞ்சை மராட்டியரிடமிருந்து காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1819இல் பிரெஞ்சு இந்தியாவில் பிரான்சின் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் 1806ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைத் தொகுப்பு, கடனுக்காகப் பற்றப்பட்ட நிலத்தை ஏலம் விடும் முறையை நுட்பமாக வகுத்திருந்தது. ஏலம் தொடங்கியதும், ஏறத்தாழ ஒரு நிமிடம் எரியக்கூடிய மெழுகுவர்த்திகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற வேண்டும். மூன்று வர்த்திகள் எரிந்து அணையும் முன் ஏலத்தை முடிக்கக் கூடாது. இடையில் யாரேனும் விலை கேட்டுவிட்டால், அதன்பின் புதிய கேள்வியின்றி இரண்டு வர்த்திகள் அணைய வேண்டும். விலை கேட்பவர் வழக்குரைஞரே; யாருக்காக எடுத்தார் என்பதை மூன்று நாளுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். கேட்டவர் வேறு, பெறுபவர் வேறு என்ற பிரிவு இங்கேதான் தெளிவாகிறது. அதன் பிறகும் எட்டு நாளுக்குள் வேறொருவர் கால் பங்கு கூட்டிக் கேட்டால் ஏலம் மறுபடி திறக்கும். பணம் கட்டத் தவறினால் நிலம் மறு ஏலத்துக்குப் போகும். குறையும் தொகை முதலில் எடுத்தவர் தலையில் விழும். கடன்பட்டவரின் நிலம் அவசரத்தில் அடிமாட்டு விலைக்குப் போய்விடாதபடி இத்தனை தடைகள். அந்த அக்கறை மதிக்கத்தக்கது.

எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டத்தில் நடைமுறை வேறு. 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏலம் எடுத்தவர் கால் பங்கு தொகையை உடனே கட்ட வேண்டும். மீதியை 15 நாளுக்குள் செலுத்த வேண்டும். நீதிமன்றம் ஏலத்தை உறுதி செய்த பிறகு விற்பனைச் சான்றிதழ் கிடைக்கும். ஒரே ஆற்றுப் பாசனத்தில், அடுத்தடுத்த ஊர்களின் நன்செய்கள் இரு வேறு சட்டங்களின்படி கைமாறின.

காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின் கீழ் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962இல் நிறைவேறியது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1968இல் அங்கு விரிவாக்கப்பட்டதும் அத்ஜுதிகத்தேர் பழஞ்சொல்லானார். 

குடும்பத்தில் பிரெஞ்சுக் கால ஏல ஆவணம் வைத்திருப்போர், கிரயப் பத்திரம் இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. ஏலத் தீர்ப்பே உரிமைமூலம். அதோடு, தொகை முழுவதும் கட்டியதற்கான ரசீதும் இருக்கிறதா என்று பாருங்கள்.