கிளிநொச்சியில் அமையாத அலுவலகம்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் ஏறத்தாழ 35,000 உயிர்களைக் கொண்டுசென்றது. வன்னிப் பெருநிலத்தில் முல்லைத்தீவுக் கரை பெரிதும் அழிந்தது. கிளிநொச்சி நகரோ கண்டி வீதியில், இரணைமடுக் குளத்து நீரால் நெல் விளையும் உள்நாட்டு மண்ணில் அமைந்தது. அலை அதனை எட்டவில்லை. ஆயினும் நிவாரணப் பணம் யார் கையாற் செல்வது என்ற வழக்கில் அந்நகரின் பெயரே நடுநின்றது.

இதற்குக் காரணம் உண்டு. 2002ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் ஏற்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் விடுதலைப் புலிகளின் நிருவாகத் தலைமையகம் கிளிநொச்சியிலேயே இயங்கியது. அதே நிலப்பரப்பில் கொழும்பு அரசாங்கத்தின் அதிபர்களும், பிரதேச செயலாளர்களும், கிராம அலுவலர்களும் கடமையாற்றினர். பட்டியல் எழுதுவது ஒரு கை. மண்ணை ஆள்வது மற்றொரு கை.

அரசாங்கம் வகுத்த கொடைகள் கேட்பதற்கு எளியவை. இறந்தோரின் ஈமச்செலவுக்கு 15,000 ரூபா. குடும்பத்திற்குத் தொடக்க மாதங்களில் 5,000 ரூபா. முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா. பகுதி அழிந்ததற்கு 100,000 ரூபா. பாதிக்கப்படாதவர் சிலர் பணம் பெற்றனர் என்பதையும், உரியவர் சிலர் விடுபட்டனர் என்பதையும் 2005இல் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையே எடுத்துக்காட்டிற்று. வன்னியில் இதனினும் கூரிய ஒரு மனக்குறை இருந்தது. போரால் பலமுறை இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்காய் ஓலைக் குடிசையில் வாழ்ந்தவனுக்குக் கல்வீடு இல்லை. அலையால் வீடிழந்த அயலவனுக்கு உண்டு. இருவரும் ஏதிலிகளே, எனினும் பணத்தின் கண்ணுக்கு அவர்கள் வேறு வேறு வகுப்பினர்.

இந்நிலையில், நோர்வேயின் அனுசரணையுடன் 2005 ஜூன் 24ஆம் நாள் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். மக்கள் அதனைப் ‘பொதுக் கட்டமைப்பு’ என்றனர். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு மாவட்டங்களில், கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் வரையுள்ள நிலம் அதன் எல்லை. பிராந்தியக் குழுவில் பதின்மர்: புலிகளின் பிரதிநிதிகள் ஐவர், முஸ்லிம்கள் மூவர், அரசாங்கத்தினர் இருவர். வெளிநாட்டு உதவியை ஒரு பிராந்திய நிதியத்திற் சேர்த்து, அதற்கு உலக வங்கியைப் பொறுப்பாக்குவது திட்டம். குழுவின் அலுவலகம் கிளிநொச்சியில் அமையவேண்டும் என்றும் எழுதப்பட்டது. கிழக்கில் பேரிழப்பைக் கண்ட முஸ்லிம் மக்களுக்குக் குழுவில் இடமிருந்தது. கையொப்பமிடும் மேசையில் இடமில்லை. இக்குறையை அவர்களுடைய தலைவர்கள் வன்மையாகக் கண்டித்தனர், அக்கண்டனம் நியாயமானதே.

கைச்சாத்துக்கு முன்னரே மக்கள் விடுதலை முன்னணி அரசாங்கத்தை விட்டு விலகிற்று; பின்னர் அதன் உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2005 ஜூலை 15ஆம் நாள் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உடன்படிக்கை முழுவதும் தடுக்கப்படவில்லை. தடுக்கப்பட்டவற்றுள் முதன்மையானவை இரண்டு: அலுவலகம் கிளிநொச்சியில் அமைவதும், பிராந்திய நிதியம் இயங்குவதும். எவரும் தடையின்றிச் சென்றுவரத்தக்க இடத்தில் அலுவலகம் இருத்தல் வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. நிதியமும் இடமும் நீங்கியபின் எஞ்சியது பெயர்ப்பலகை மட்டுமே.

இதே அலையால் இதனினும் பன்மடங்கு பேரை இழந்த இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தில், முப்பது ஆண்டுப் பகைவர்கள் 2005 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஹெல்சிங்கியில் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டனர். அங்கு முதலில் அரசியற் பிணக்குத் தீர்ந்தது. இங்கோ தீராத பிணக்கின்மேல் பணப்பெட்டியை வைக்க முயன்றனர்.

2005 நவம்பர் 17ஆம் நாள் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில், பொதுக் கட்டமைப்பை நீக்குவதாக வாக்களித்த மகிந்த ராஜபக்ச வெற்றி பெற்றார். வன்னி மக்களில் மிகச் சிலரே அன்று வாக்களித்தனர். தேர்தலைப் புறக்கணிக்குமாறு புலிகள் கூறியிருந்தனர். அதன்பின் மாவட்டச் செயலகங்களும் தொண்டு நிறுவனங்களும் தனித்தனியே வீடுகளைக் கட்டின. 2006இல் மீண்டும் போர் மூண்டது. 2009 ஜனவரியில் கிளிநொச்சி படையினர் வசமாயிற்று. முல்லைத்தீவுக் கரையில் ஆழிப்பேரலைக்குப் பின் வீடு பெற்றோர் அவ்வீடுகளையும் விட்டு மறுபடியும் வெளியேறினர்.