காதுகுத்துப் புண் பராமரிப்பு

காது குத்திய துளை ஆறும்வரை செய்யும் கவனிப்பு. திண்டுக்கல் மாவட்டம் கீரனூர் வட்டாரத்தில் காதுகுத்து பெரும்பாலும் குலதெய்வக் கோயிலிலோ பழனியிலோ மொட்டையோடு சேர்ந்தே, தாய்மாமன் மடியில் நடக்கும். சீருக்கும் கிடாவிருந்துக்கும் கிடைக்கும் கவனம் அதன்பின் புண்ணுக்குக் கிடைப்பது அரிது. சுசுருத சம்ஹிதை குழந்தையின் 6 அல்லது 7ஆம் மாதத்தில் காது குத்தச் சொல்வதோடு, பின்கவனிப்பையும் விவரிக்கிறது.

காதுச்சோணைத் துளை ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். மேல்காதின் குருத்தெலும்பில் ரத்த ஓட்டம் குறைவு. அங்கே பல மாதம், சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம். கையைச் சோப்பால் கழுவிவிட்டு, நாளுக்கு இருமுறை உப்புநீரால் துடைத்து, ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். கொதித்து ஆறிய ஒரு டம்ளர் (250 மி.லி.) நீருக்குக் கால் தேக்கரண்டி உப்பு போதும், கூடினால் எரியும். கம்மலைத் திருகிக்கொண்டே இருந்தால் துளை ஒட்டாது என்பது வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கை. உண்மையில் திருகும்தோறும் புதுத்தோல் கிழிகிறது. மஞ்சளை எண்ணெயில் குழைத்து அப்புவது அழுக்கைத்தான் சேர்க்கும். நிக்கல் கலந்த கவரிங் நகையால் சிலருக்கு அரிப்பும் நீரும் வரும். மொட்டைத் தலைக்குப் பூசும் சந்தனம் காதில் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் சில நாள் லேசான வீக்கமும் வெளிர்நீர்க் கசிவும் இயல்பு. சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு கண்டால் நகையைத் தாமாகக் கழற்றாமல் மருத்துவரிடம் காட்டவும். கழற்றினால் துளை மூடிச் சீழ் உள்ளே தங்கக்கூடும். குழந்தைக்கு ரணஜன்னித் தடுப்பூசித் தவணைகள் போட்டாயிற்றா என்பதைக் குத்துவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.