கணக்கு யார் கண்ணில் படுகிறது? திருச்செங்கோட்டின் இரண்டு அறங்கள்

1925-ஆம் ஆண்டு பிப்ரவரியில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், அவ்வூர் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர் கொடுத்த நிலத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தின் முதல் இந்து சமய அறநிலையச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. பனகல் அரசரின் நீதிக் கட்சி அமைச்சரவை பலத்த எதிர்ப்புக்கு இடையே அதைக் கொண்டுவந்தது. திருச்செங்கோட்டு மலையான செங்குன்றின் உச்சியில் இருக்கும் அர்த்தநாரீசுவரர் கோயில் போன்றவற்றின் வரவு செலவு அரசு அமைத்த வாரியத்தின் பார்வைக்குள் வந்தது. ஒன்று தனி மனிதர்கள் சேர்ந்து எழுப்பிய அறம், மற்றது பல நூற்றாண்டுகளாக ஊர் கொடுத்துச் சேர்த்து, பிறகு அரசு கண்காணிக்கத் தொடங்கிய அறம். பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தை யார் ஆள்வது, யார் கேள்வி கேட்பது என்பதைப் படிக்க, மலையும் அதன் அடிவாரச் சமவெளியும் போல அருகருகே இருக்கும் இந்த இரண்டையும்விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் மலை. திருச்செங்கோடு கொங்கு நாட்டின் ஏழு பாடல் பெற்ற தலங்களில் ஒன்று. படிக்கட்டு வழியாக ஏறுகிறவர்கள் வழி நெடுக மண்டபங்களைப் பார்க்கலாம். வெவ்வேறு சமூகத்தாரும் குடும்பத்தாரும் எழுப்பியவை அவை. வைகாசி விசாகத் தேரோட்டத்தின் ஒவ்வொரு நாளுக்கும் யாரேனும் ஒரு கட்டளைதாரர், ஒரு மண்டகப்படி. அறுபதாம் படியில் சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்வது இந்த வட்டாரத்தின் பழைய வழக்கம். கடன், பாகம், வரப்புத் தகராறு எல்லாம் அந்தப் படியில் முடிந்ததாகச் சொல்வார்கள்.

இந்த ஏற்பாட்டை வெறும் பக்தியாகப் பார்த்துவிட்டால் முக்கியமான ஒன்று விட்டுப்போகும். அர்ஜுன் அப்பாதுரை, திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலைப் பற்றி 1981-ல் வெளியிட்ட ஆய்வில், கொடை கொடுத்தவர் கொடுத்ததோடு ஒதுங்கிவிடுவதில்லை, அந்தக் கொடையின் மேல் தொடர்ந்து ஒரு பங்கும் மரியாதையும் அவருக்கு இருந்தன என்று காட்டினார். எந்த விளக்கு எரிகிறது, எந்த நாள் பூசை நிற்கிறது என்று பார்த்துச் சொல்லக் கொடுத்த குடும்பமே இருந்தது. தன் மண்டகப்படி குறைந்தால் அந்தச் சமூகமே கிளம்பிவரும். அந்தக் கண்காணிப்பில் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. கொடுக்க முடிந்தவருக்குத்தான் கேட்கும் உரிமை. கோயிலுக்குள்ளேயே விடப்படாதவர்களுக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அரசு உள்ளே வந்த கதை நீளமானது. 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறை வழியாகக் கம்பெனி அரசு அறநிலையங்களின் மேற்பார்வையை ஏற்றது. மிஷனரிகளின் எதிர்ப்பால் படிப்படியாகக் கைகழுவி, 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளூர்க் குழுக்களிடம் விட்டது. குழுக்கள் கோயில் நிலங்களைக் காக்கத் தவறின என்ற குறை அரை நூற்றாண்டு ஒலித்த பிறகுதான் 1925-ன் சட்டம். அது செல்லுமா என்ற கேள்வி எழுந்ததால் 1927-ல் மறுபடி இயற்றினார்கள். 1951-ல் வாரியம் போய்த் துறையும் ஆணையரும் வந்தனர். 1954-ல் சிரூர் மட வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பல பிரிவுகளை ரத்து செய்தது. கோயில்களிடம் வாங்கிய பங்களிப்பு, சேவைக்கான கட்டணமாக இல்லாமல் வரியாக இருக்கிறது என்றும் சொன்னது. இன்று நடப்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் கட்டுப்பாட்டுக்குக் குறைவே இல்லை. அறங்காவலர் குழுவில் மூன்று முதல் ஐந்து பேர். அதில் ஒருவர் பெண், ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்பது கட்டாயம். கொங்கு நாட்டுக் கோயில்களின் வரலாறு தெரிந்தவருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று புரியும். கோயில் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. வரவு செலவுத் திட்டம் மேலே போய் ஒப்புதல் பெற வேண்டும். தணிக்கை உண்டு, நட்டத்தை ஏற்படுத்தியவரிடமே வசூலிக்கும் அதிகாரமும் உண்டு.

ஆனால் காகிதம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். செயல் அலுவலரிடமிருந்து உதவி ஆணையர், இணை ஆணையர், ஆணையர். எல்லாம் மேல்நோக்கி. தன்னார்வ நிறுவனங்களை ஆராய்ந்த மைக்கேல் எட்வர்ட்ஸும் டேவிட் ஹியூமும் 1990-களில் இதே கோணலை உலகம் முழுக்கக் கண்டார்கள். நிதி தருபவருக்கும் அரசுக்கும் கணக்கு ஒழுங்காகப் போகும், யாருக்காக நிறுவனம் நடக்கிறதோ அவருக்கு ஒன்றும் வராது. கோயில் நிர்வாகத்தை ஆராய்ந்து 1987-ல் நூல் எழுதிய ஃபிராங்க்ளின் பிரெஸ்லர், மேற்பார்வை செய்ய வந்த துறை எப்படி மெல்ல மெல்ல நிர்வாகமாகவே மாறியது என்பதைத் தமிழ்நாட்டை வைத்தே விளக்கினார். அறங்காவலர் இடம் காலியாகக் கிடந்தால் தக்கார் என்று ஒருவரை நியமித்துவிடலாம். அவரும் பெரும்பாலும் துறை அலுவலர்தான். கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். 2014-ல் சிதம்பரம் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம், செயல் அலுவலரை நியமிப்பது சீர்கேட்டைச் சரிசெய்வதற்காக மட்டுமே, காலவரையின்றி அல்ல என்று சொல்ல வேண்டிவந்தது.

இன்று பெரிய கோயில் எதிலும் உண்டியல் எண்ணுவதைப் பார்க்கலாம். அலுவலர்கள், வங்கிக்காரர்கள், சேவைக்கு வந்த பக்தர்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து நோட்டு பிரிப்பார்கள், கேமரா ஓடும், பல இடங்களில் இணையத்தில் நேரலையும் உண்டு. மறுநாள் செய்தித்தாளில் இத்தனை லட்சம், இத்தனை கிராம் தங்கம் என்று வந்துவிடும். மிக நல்ல பழக்கம். அந்தப் பணம் எதற்குப் போயிற்று என்பதற்கு அதில் பாதி வெளிச்சம்கூட இல்லை. வரவை ஊர் கூடி எண்ணுகிறோம், செலவைப் பார்க்க மனுப் போட வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டின் குறை முழுவதும் எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது.

இனி புதுப்பாளையம். மழை பொய்த்த மானாவாரிப் பூமி அது. வேலையில்லாத பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, நூலை வாங்கிக் கூலி கொடுப்பது ஆசிரமத்தின் முதல் வேலை. கே. சந்தானம் தொடக்க ஆண்டுகளில் அங்கே இருந்து உழைத்தார். 1929-ல் மதுவிலக்குக்காகத் தொடங்கிய ‘விமோசனம்’ இதழுக்குக் கல்கி வந்து சேர்ந்தார். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, இந்தியாவில் முதன்முதலாகச் சேலம் மாவட்டம் முழுவதும் மதுவிலக்கு வந்ததற்கான விதை இங்கே விழுந்தது. அப்போது திருச்செங்கோட்டை உள்ளடக்கிய நாமக்கல்லும் சேலம் மாவட்டத்தில்தான். 1997-ல்தான் தனி மாவட்டமானது.

ஆசிரமம் தொடங்கிய ஏழெட்டு மாதத்தில், 1925 செப்டம்பரில், பாட்னாவில் அகில இந்திய நூற்போர் சங்கம் உருவானது. நாடெங்கும் கதர் வேலைக்கு அதுவே தாய் நிறுவனம். அதன் அமைப்பு விதியைப் படித்தால் வியப்பும் சங்கடமும் சேர்ந்து வரும். முதல் வகுப்பு உறுப்பினர் மாதம் ஆயிரம் கெஜம் தானே நூற்ற நூலைச் சந்தாவாகக் கட்ட வேண்டும். பணம் படைத்தவர் காசோலை எழுதி உள்ளே வர முடியாது, இராட்டையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஆனால் அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. காந்தியைத் தலைவராகவும் ஜம்னாலால் பஜாஜைப் பொருளாளராகவும் கொண்ட முதல் குழுவின் பெயர்கள் விதியிலேயே எழுதப்பட்டிருந்தன. ஐந்தாண்டுக்கு அவர்களே. கிராமத்தில் உட்கார்ந்து நூற்ற பெண் ஒருத்திக்கும் அதில் இடமில்லை.

அப்படியிருந்தும் ஒரு விஷயத்தில் அந்த ஏற்பாடு மலைமேல் இருந்ததைவிட மேலானது என்பேன். பஞ்சு வாங்கிப் போன பெண் நூலோடு திரும்பி வரும்போது, அவள் கண்ணெதிரே எடை போட்டு, நூலின் தரம் பார்த்து, அவள் கையில் கூலி கொடுத்தார்கள். அவளுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம், தராசு தெரியும். மாகாணவாரியாக எவ்வளவு கதர் உற்பத்தி, எவ்வளவு விற்பனை, எத்தனை நூற்போர் என்று சங்கம் ஆண்டறிக்கை அச்சிட்டது. 1935-ல் நூற்பவருக்குக் குறைந்தபட்சக் கூலி என்று சங்கம் முடிவெடுத்தபோது, விலை ஏறி விற்பனை படுத்துவிடும் என்று கதர்த் தொண்டர்களிலேயே பலர் அஞ்சினார்கள். காந்தி விடவில்லை. வாங்குபவரின் வசதியைவிட நூற்பவளின் கூலி பெரிது என்று ஒரு தரும நிறுவனம் கணக்குப் புத்தகத்தையே மாற்றி எழுதிய அந்தத் தருணம் இன்றைய ஆய்வுகளில் போதிய இடம் பெறவில்லை என்பது என் வருத்தம்.

அது தனிமனிதர்களின் நேர்மையை நம்பி நின்ற ஏற்பாடு. நம்பிய மனிதர் போனபின் என்ன நடக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. இன்று சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று எத்தனையோ நிறுவனங்கள் அறக்கட்டளைப் பெயரில் நடக்கின்றன. விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர் பெற்ற நாமக்கல்லில் இது ஒவ்வொரு பெற்றோரையும் தொடும் விஷயம். சங்கமாகப் பதிவானால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். ஆண்டுதோறும் பொதுக்குழு, மாவட்டப் பதிவாளரிடம் கணக்கு, உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் விசாரணை. அறக்கட்டளையாகப் பத்திரம் பதிந்தால் அதுகூட இல்லை. மகாராட்டிரத்தில் 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறக்கட்டளை ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் பொது அறக்கட்டளைகளுக்கென்று அப்படியொரு சட்டமும் ஆணையரும் இல்லை. அறங்காவலர் தவறு செய்தால், அக்கறையுள்ள இருவர் சேர்ந்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடுக்க வேண்டும். விசைத்தறித் தொழிலாளி ஒருவர் அதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

மிஞ்சுவது வருமான வரித்துறை. வரிவிலக்கு வேண்டுமானால் வருமானத்தில் 85 விழுக்காடு அறப்பணிக்குச் செலவாக வேண்டும், பதிவைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டு நிதி வாங்கினால் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எல்லாம் தில்லியைப் பார்த்து எழுதும் கணக்கு. இங்கிலாந்தில் அறநிறுவன ஆணையத்தின் இணையதளத்தில் பதிவெண்ணைத் தட்டினால் பல நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கையும் அறங்காவலர் பெயர்களையும் யாரும் பார்க்கலாம். 1853-ல் தொடங்கிய அந்த ஆணையமும் பல ஊழல்களைக் கோட்டை விட்டதுதான். ஆனாலும் கணக்கைப் பார்க்க எவர் தயவும் வேண்டியதில்லை.

இந்த இரண்டு ஓடைகளும் 2021-ல் திருச்செங்கோட்டிலேயே ஒன்றையொன்று தொட்டன. அறநிலையத்துறை கோயில் நிதியில் அந்த ஆண்டு தொடங்கிய நான்கு கலை அறிவியல் கல்லூரிகளில் ஒன்று அர்த்தநாரீசுவரர் பெயரில் இங்கே வந்தது. எதிர்த்து வழக்குப் போனது. இனிப் புதிய கல்லூரி தொடங்க நீதிமன்ற அனுமதி வேண்டும், தொடங்கிய நான்கிலும் இந்து சமயக் கல்வி வகுப்பு இருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த நவம்பரில் இடைக்கால ஆணையிட்டது. அறங்காவலர்கள் நியமிக்கப்படாத நிலையில் துறையே முடிவெடுக்கலாமா என்பதும் அந்த வழக்கின் கேள்விகளில் ஒன்று.

கல்லூரி வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. தறி ஓட்டுபவர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடநாடு போய் வருபவர் வீட்டுப் பெண்கள் நடந்து போகும் தூரத்தில் பட்டப்படிப்பு கிடைப்பது உண்டியலில் விழுந்த காசுக்கு நல்ல கதி. ஆனால் உண்டியலில் போட்டவரைக் கேட்கும் வழி ஒன்று வேண்டும். அந்த வழி அறங்காவலர் குழுதான், அது காலியாகக் கிடக்கும்போது எடுக்கும் நல்ல முடிவுகூட வழக்கு மன்றத்தில் தொங்கும். அதே ஆண்டு ஜூனில் இன்னொரு வழக்கில் 75 வழிகாட்டுதல்களைத் தந்த உயர் நீதிமன்றம், துறைக்கு வெளியிலிருந்து தணிக்கை வேண்டும் என்பதையும் அதில் சேர்த்திருந்தது. துறையும் அந்த ஆண்டு கோயில் நில ஆவணங்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. செலவுக் கணக்கு ஏறவில்லை.

இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. அறநிலையத்துறை தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. பத்து ரூபாய் கட்டணத்தில் கோயிலின் தணிக்கை அறிக்கையைக் கேட்கலாம். அரசு நிதியைப் பெரிதும் சார்ந்த தனியார் அறநிறுவனமும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-ல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சங்கங்கள் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ததைக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாத இன்னொன்றும் உண்டு. உண்டியல் எண்ணி முடித்த தொகையை அறிவிக்கும் அதே நாளில், அதற்கு முந்தைய உண்டியல் பணம் எந்தெந்தத் தலைப்பில் செலவானது என்ற தாளை மலையடிவாரத்திலும் மேலே சன்னதி வாசலிலும் தமிழில் ஒட்டலாம். செயல் அலுவலர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும்.