பற்றும் நிறம்

அம்பிட்டியவிலிருந்து கண்டி நகருக்குள் இறங்கி, மகாவலியைக் கடந்து குண்டசாலைப் பக்கம் போனால் ஹேனவல கிராமம். தும்பரப் பாய் நெசவின் ஊர் அது. ஹண எனப்படும் கற்றாழை நாரைச் சாயமிட்டு, நிலத்தோடு ஒட்டிய தறியில் நெய்கிறார்கள். யுனெஸ்கோ 2021இல் இந்தக் கைவினையை மானுடத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பலரும் அதன் யானை, மயில் வடிவங்களைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது சாயப் பானை.

மரபு முறையில் நாரைச் சிவப்பாக்குவது பதங்கிக் கட்டை. அதனோடு கொரகஹ இலையையும் போட்டு வேகவைப்பார்கள். திருமாலின் மேனிக்கு நாம் உவமை சொல்லும் காயாவின் இனம் அது. அந்த இலையில் சிவப்பே கிடையாது. பிறகு எதற்கு? காயா இன மரங்கள் மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கின்றன. பதங்கியின் நிறப்பொருளையும் நாரையும் பிணைப்பது அந்த அலுமினியமே. மற்ற சாயக்காரர் படிகாரத்தால் செய்யும் வேலை. நிறம் எங்கும் கிடைக்கும். அதைப் பற்றவைப்பதில்தான் சாயத்தொழிலின் அறிவெல்லாம் இருக்கிறது. மன்னாரில் தோண்டிய சாயவேரின் சிவப்பைத் துணியில் நிலைக்கவைக்கவும் படிகாரம் உதவியது. கறுப்புக்குக் கடுக்காய்: அதன் துவர்ப்பு இரும்போடு சேரும்போது கருமை பிறக்கும்.

கண்டிச் சீமையின் கைவினைகளை 1908இல் நூலாக்கிய ஆனந்த குமாரசுவாமி, கனிமவியல் அறிஞராகவே இங்கே பணியாற்ற வந்தவர். சாயத்தையும் நெசவையும் அவர் அக்கறையோடு எழுதிவைத்தது நம் பேறு. இன்று தறிகளில் இரசாயனச் சாயம் பரவிவிட்டது. அதைக் குறைசொல்ல மாட்டேன். பிழைக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் எத்தனை கைப்பிடி இலை, எத்தனை நாழிகைக் கொதிப்பு என்பதை மூத்த நெசவாளர்களிடம் கேட்டு, பேராதனையின் ஆய்வுகூடங்களில் அளந்து பதிய வேண்டும். அது இப்போதே நடக்க வேண்டிய வேலை.

பௌத்தத் துறவியரின் சீவர ஆடையிலும் சாயம் உண்டு. வேர், தண்டு, பட்டை, இலை, பூ, காய் ஆகிய ஆறிலிருந்தும் சாயம் எடுக்க விநய நூல் இசைவளிக்கிறது. பலாவின் வைரம் தரும் மஞ்சள் அவற்றில் பெயர்பெற்றது.

தும்பரப் பாயின் மஞ்சளுக்கு வெனிவெல், அதாவது நம் மரமஞ்சள், உதவியது. அதே கொடியை இந்நாட்டு வீடுகளில் காய்ச்சலுக்கு அவித்துக் குடிக்கிறார்கள். நிறம் தருவதும் நுண்ணுயிரை ஒடுக்குவதும் அதிலுள்ள பெர்பெரின் என்ற ஒரே பொருள்தான். நாரைப் பற்றுவது உயிரணுவையும் பற்றும். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் ஊதாச் சாயத்தால் பாக்டீரியாக்களை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். இன்றும் மருத்துவமனை ஆய்வுகூடங்களில் அந்த முறை நடக்கிறது. சாயம் குறிப்பிட்ட கிருமியை மட்டும் பற்றுமானால் அதையே மருந்தாக்கலாமே என்று போல் ஏர்லிக் எண்ணினார். 1891இல் மெதிலீன் நீலத்தை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

இதில் ஒரு விந்தை உண்டு. 1856இல் வில்லியம் பெர்கின் தேடியது மலேரியாவுக்கான குயினைன். கைக்குக் கிடைத்ததோ முதல் செயற்கைச் சாயங்களுள் ஒன்றான ஊதா. மருந்தைத் தேடிச் சாயம் வந்தது. பிறகு சாயத்திலிருந்து மருந்து வந்தது. மெதிலீன் நீலத்தின் வழியில் தொடர்ந்த ஜெர்மன் ஆய்வாளர்கள் 1930களின் தொடக்கத்தில் மெபாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரையை உருவாக்கினர். இரண்டாம் உலகப் போரில், 1944இல், நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் அமைந்தபோது, அவருடைய படைகளை மலேரியாவிலிருந்து காத்த மருந்து அதுதான். தொடர்ந்து விழுங்கியவர்களின் தோலே மஞ்சளாயிற்று. போருக்குப் பின் அதன் இடத்தைப் பிடித்த குளோரோகுவினுக்கு நிறமில்லை. ஆனாலும் அதன் மூலக்கூறில் மெபாக்ரினின் பக்கக் கிளை அப்படியே இருக்கிறது.